டம்ளர் விழாத பதினான்கு பேர்

தண்ணீர் மிஷினின் டம்ளர் குழாயை மெக்கானிக் மூன்றாவது தடவையாக மாற்றிவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. சித்தாள் காசியம்மாள் வந்து கட்டைவிரலை வைத்தாள். மிஷின் ஒரு முறை உறுமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. டம்ளர் விழவில்லை. அவள் முன்கூட்டியே இரண்டு கையையும் குவித்து வைத்திருந்தாள். குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு கலவைப் பக்கம் போய்விட்டாள். அவளுக்கு அடுத்து வந்த கம்பி கட்டுகிறவனுக்குக் காகித டம்ளர் டொப்பென்று விழுந்தது.

ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த கோதண்டம் இதைப் பார்த்தார். தினமும் பார்க்கிறதுதான். மிஷின் என்றால் ரிப்பேர் ஆகத்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்துக்கொண்டால் அதற்கு மேல் நினைக்க வேண்டியதில்லை.

வெயிலில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று எழுதி வைக்க வேண்டும் எனச் சட்டம் வந்த பிறகு வந்த மிஷின் அது. விரலை வைத்தால் ஆளைத் தெரிந்துகொள்ளும். டம்ளரைப் போடும், தண்ணீரை ஊற்றும், பதிந்துகொள்ளும். அதுமட்டுமல்ல, கேட்டு திறப்பது, லிப்டு ஏற்றுவது, யார் எந்த மாடியில் வேலை என்று சொல்வது எல்லாமே இப்போது மிஷின்தான். அவ்வளவுக்கும் மேலே உட்கார்ந்து ஆட்டிவைக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. ஆறு மாதம் முன்புவரை அதற்குப் பெயர் கங்காணி.

கங்காணியைச் செய்தது கோதண்டத்தை வைத்துத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இந்தக் கம்பெனியின் எட்டு சைட்டுக்கும் பெரிய மேஸ்திரி. முப்பது வருஷம் ஆள் வைத்து வேலை வாங்கியவர். ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்து அவர் சட்டையில் பொத்தான் மாதிரி ஒரு கேமராவைக் குத்திவிட்டார்கள். “நீங்க செய்யறத அப்படியே செய்ங்க, அது பாத்துக் கத்துக்கும்” என்றார்கள். ஏழு மாதம் அது அவர் நெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது. யாரைச் சாரத்தில் ஏற்றலாம், யாரை அதட்டினால் வேலை நடக்கும், யாரைத் தட்டிக்கொடுத்தால் நடக்கும், யார் வயிற்றுவலி என்பது பொய் என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. தொடக்க விழாவில் கோதண்டத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த மாதம் எட்டு சைட்டிலும் மேஸ்திரி வேலை என்பதே இல்லாமல் போயிற்று. அவருக்கு மட்டும் மரியாதைக்காக ஸ்டோரில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

கங்காணி இரண்டு வருஷம் ஆண்டது. பிறகு வேறொரு சைட்டில் ஓய்வே கொடுக்காமல் வேலை வாங்கி, இரண்டு பேர் சுருண்டு விழுந்ததும் அதைக் கழற்றிவிட்டுப் புதிய மென்பொருளைப் போட்டார்கள். தன் பிள்ளையைச் சிறையில் வைத்த மாதிரி கோதண்டம் கொஞ்ச நாள் யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தார். பிறகு அதுவும் பழகிவிட்டது.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். ஸ்டோரில் மட்டும்தான் மின்விசிறி ஓடியதால் உள்ளே வந்து சிமெண்டு மூட்டைகளின் மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். கழுத்து அட்டையில் ரெஜினா என்று போட்டிருந்தது. கோதண்டம் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் எழுத்துக் கற்றது ஐம்பதாவது வயதில், அதுவும் சிமெண்டு மூட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்து.

“நீங்கதானே கோதண்டம் ஐயா? கங்காணியோட…”

“அப்பன்னு சொல்லுவாங்க. நீங்களும் சொல்லிக்குங்க மேடம்.”

அவள் சிரிக்கவில்லை. “அத எடுத்துட்டோம்னுதான் நெனச்சோம். ஆனா முழுசாப் போகல. ஒரு மென்பொருளக் கழட்டினா மேல தெரியறது போயிரும். அது அங்கங்க எழுதி வெச்ச குறிப்பு, பழக்கம் எல்லாம் மத்த மிஷினுக்குள்ள தங்கிரும். அதத் தேடிப் பிடிச்சு எடுக்கறதுதான் என் வேலை.”

“சாரத்தப் பிரிச்சாலும் சொவத்துல பொந்து இருக்குமே, அந்த மாதிரி.”

“அதேதான்.”

“அதப் பூசாம உட்டா மழத்தண்ணி உள்ள பூந்துரும்.”

“பூந்திருக்கு ஐயா. அதான் வந்திருக்கேன்.” அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். “இந்த சைட்ல நூத்தி நாப்பத்திரெண்டு பேரு. அதுல பதினாலு பேருக்கு மட்டும் டம்ளர் விழல. இன்னிக்கு நேத்து இல்ல, ரெண்டரை வருஷமா. மெக்கானிக் குழாய மாத்திக்கிட்டே இருந்திருக்காரு. குழாய்ல கோளாறுன்னா ஆளுக்கு ஆள் மாறுமா?”

கோதண்டம் கையிலிருந்த கையுறையைப் பார்த்தார். இரண்டும் இடது கை. பிரித்து வேறு ஜோடி தேடினார்.

“கங்காணி இந்தப் பதினாலு பேரையும் ஏதோ ஒரு அடையாளத்த வெச்சுத் தனியாப் பிரிச்சு வெச்சிருக்கு. அந்த அடையாளம் என்னன்னு தெரிஞ்சா அத வெச்சே தேடி வேரோட எடுத்துரலாம். தெரியலன்னா…” அவள் மணியைப் பார்த்தாள். “நாலு மணி வரைக்கும்தான் டயம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள முடியலன்னா பதினாலு பேரு பதிவையும் கெட்டுப்போன பதிவுன்னு அழிச்சிரச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கு அதுதான் சுலபம்.”

“அழிச்சா இன்னா ஆவும்?”

“நாளைக்குக் கேட்டுல விரல் வெச்சாத் தொறக்காது. எட்டு சைட்லயும் தொறக்காது. திரும்ப ஆளாச் சேரணும்னா ஒடம்பு, வயசு எல்லாம் காட்டிப் புதுசா வரணும். நாப்பத்தஞ்சுக்கு மேல புதுசா எடுக்கறதில்ல. இதுல பதினோரு பேரு நாப்பத்தஞ்சத் தாண்டினவங்க.”

ரெஜினா பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். காசியம்மாள். மண்ணாங்கட்டி. இருசப்பன். நான்காவது பெயர் வருவதற்குள் கோதண்டத்துக்குத் தெரிந்துவிட்டது. பதினான்கு பெயரும் முடிகிறவரை கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே இருந்தார்.

“இவங்களுக்குள்ள என்ன ஒத்துமை ஐயா?”

“எல்லாம் ஒரே ஊர்ப்பக்கமா இருக்கும்.”

“மூணு மாவட்டம்.”

“வேலைக்கு லேட்டா வர ஆளுங்களா இருக்கும்.”

“காசியம்மாள் ரெண்டரை வருஷத்துல ஒரு நாள் லேட்டு.”

கோதண்டம் அடுத்த கையுறையை எடுத்தார். ரெஜினா திரையில் எதையோ அழுத்தினாள். “இது உங்க சட்டையில இருந்த கேமரா எடுத்தது. பாருங்க.”

திரையில் அவருடைய கை வந்தது. செம்புக் காப்புப் போட்ட கை. முகம் கிடையாது, கை மட்டும். முன்னால் தண்ணீர் டிரம். மதிய நேரம். ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். கை டம்ளரை டிரம்மில் முக்கி எடுத்துக் கொடுக்கிறது. வாங்கிக் குடிக்கிறார்கள், திருப்பிக் கொடுக்கிறார்கள். அடுத்து ஒரு பெண். அவள் ஓர் அடி தள்ளி நிற்கிறாள். கை டம்ளரை மூடியின் மேல் வைக்கிறது. பக்கத்திலிருந்த சொம்பை எடுக்கிறது. உயர்கிறது. அவள் குனிந்து கையைக் குவிக்கிறாள். மேலேயிருந்து தண்ணீர் விழுகிறது. அடுத்து வந்தவனுக்குக் கை மறுபடி டம்ளரை எடுக்கிறது. தயக்கமே இல்லை. நாற்பது பேர் கொண்ட வரிசையில் ஒரு தடவைகூடக் கை தப்புச் செய்யவில்லை.

முப்பது வருஷம் அந்தக் கை அவரோடுதான் இருந்தது. அதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

“போதும் மேடம்.”

அவள் நிறுத்தினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது கோதண்டத்துக்கும் புரிந்தது.

“நான் யாருக்கும் தண்ணி இல்லன்னு சொன்னதில்ல. வெயில் காலத்துல மொதல்ல அவங்களுக்குத்தான் ஊத்துவேன். வேணும்னா கேட்டுப் பாருங்க.”

“அதுவும் இதுல இருக்கு ஐயா. மிஷின் தண்ணியக் கொறைக்கல. எல்லாருக்கும் ஒரே அளவு. முதல்ல வந்தா முதல்ல. டம்ளர் மட்டும் இல்ல. நீங்க செஞ்சத ஒரு சொட்டு கூட்டிக் கொறைக்காம செஞ்சிருக்கு.” குரலில் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் போல அவருக்குத் தோன்றியது. “நான் ஊகிச்சு எழுதினா அது வேலைக்கு ஆகாது. எத வெச்சு இவங்க யாருன்னு தெரிஞ்சுக்கிட்டீங்க, எங்க பாத்தீங்க, எப்படிப் பிரிச்சீங்க, அத நீங்க உங்க வாயால சொல்லணும். அதே அடையாளத்தத்தான் அதுவும் புடிச்சு வெச்சிருக்கும்.”

“கொஞ்சம் வெளிய போய்ட்டு வரேன்” என்று எழுந்துகொண்டார்.

வெளியே வெயில் கம்பி போல அடித்தது. செங்கல் அடுக்கின் நிழலில் காசியம்மாள் சேலையை உதறிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் ஓர் அடி தள்ளிக்கொண்டாள். இவ்வளவு நாள் அதை மரியாதை என்று நினைத்திருந்தார்.

“காசியம்மா.”

“இன்னா மேஸ்திரி, கையுறை வந்துச்சா? எனுக்கு ரெண்டும் ஓட்டை.”

“வந்துச்சு, தரேன். அந்த டம்ளரு… உனுக்கு உழறதில்லையா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ரெண்டரை வருசமா எதுர்ல குந்திக்கினு பாக்கறீங்க. இன்னிக்குத்தான் கண்ணு தொறந்துச்சா?”

“ரிப்பேருன்னு நெனச்சேன்.”

“நாங்க நெனைக்கல.” அவள் சிரித்தாள். முன்பல் இல்லாத சிரிப்பு. “மொத நாளே இருசப்பன் சொல்லிட்டான். இது மேஸ்திரி கையிடான்னு. தண்ணி எவ்ளோ ஒசரத்துலேந்து உழும்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க அதுக்குக் கோதண்டம் மிஷினுன்னுதான் பேரு வெச்சிக்கிறோம். போய் கோதண்டத்தாண்ட குடிச்சிட்டு வாடின்னுதான் சொல்லுவோம்.”

“சொல்லியிருக்கலாமே.”

“யாராண்ட?” என்றாள். “உங்களாண்டயா?”

அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான்கு மணி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. உன் வேலை போகப்போகிறது, அதை நிறுத்த நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது.

உள்ளே வந்து நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

“காலனி ஆளுங்க மேடம். அட்டையில ஊர்ப் பேருக்குப் பக்கத்துல காலனின்னு இருக்கும். அத மொதல்ல பாப்பேன். இல்லன்னா அப்பன் பேரு, தாத்தா பேரு கேட்டாத் தெரிஞ்சிரும். அப்படியும் தெரியலன்னா யாரோட குந்திச் சாப்புடறாங்கன்னு பாப்பேன். அவங்களே கொஞ்சம் எட்ட நிப்பாங்க. நிக்கறதப் பாத்தாத் தெரியும்.” கையிலிருந்த செம்புக் காப்பைத் திருகினார். “எட்ட நிக்கலன்னா அதட்டுவேன். வேற எதையாவது சாக்கு சொல்லி.”

ரெஜினா எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். திரையில் வரிகள் ஓடின. அவள் முன்னால் குனிந்தாள்.

“கிடைச்சிருச்சு. தண்ணி மிஷின்ல மட்டும் இல்ல. நிழல் இருக்கிற பக்கம் வேலை குடுக்கறது, லிப்டு முதல்ல யாருக்குன்றது, தகரக் கொட்டகையில எந்த மூலை யாருக்குன்றது, எல்லாத்துலயும் இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாவே எடுத்துரலாம்.” பிறகு புருவத்தைச் சுருக்கினாள். “ஆனா பதினாலு இல்லையே. பதினஞ்சு பேரு வருது.”

“யாரு?”

“தனபால். கொத்தனார்.”

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக. “தனபாலா? அது தப்பு மேடம். அவன் நம்ம ஆளு.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

“எனக்கும் அதான் புரியல” என்றாள் ரெஜினா. “ஏழு மாசப் படத்துலயும் இவருக்கு நீங்க டம்ளர்லதான் குடுத்திருக்கீங்க. உங்க பக்கத்துலதான் உக்காந்து சாப்புடறாரு. ஆனா கங்காணி இவரையும் அந்தப் பக்கம் போட்டிருக்கு. தண்ணி மிஷின்ல விரல் வெச்சது ஒரே ஒரு தடவ, முதல் நாள். டம்ளர் விழல. மறுநாளே சொந்தமா பாட்டில் கொண்டுவரேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அதான் அந்தப் பதினாலு பேருல இவரு வரல.”

சளி பிடிக்கும் மேஸ்திரி, வெந்நீர்தான் ஒத்துக்குது என்று தனபால் சொன்னது நினைவுக்கு வந்தது. தோளில் எந்நேரமும் தொங்கும் பச்சைப் பாட்டில்.

“எத வெச்சுப் போட்டுச்சு?”

“இருங்க.” தேடினாள். “நெருக்கம்னு ஒரு கணக்கு இருக்கு. யாரு யார்கூட எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு சைட்டு கேமரா பாத்துப் போடறது. சிமெண்டு ஷெட்டுக்குப் பின்னால, தினம் நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம். காசியம்மாளோட. அவர் தூக்குல இருந்து பாதி சாப்பாட்ட அவங்க தூக்குல கொட்டறாரு. அவங்களக் கூப்புடறது…” காதில் எதையோ மாட்டிக் கேட்டாள். “சின்னம்மான்னு கூப்புடறாரு.”

கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது தனபால் அவரிடம் வந்து. அப்பா அம்மா இல்லை, சொந்தம் என்று யாரும் இல்லை என்று சொன்னான். சுவர் எழுப்பினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குச் சாப்பிட வருவான். கோதண்டத்தின் மனைவி சரசுவுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து நின்றது தனபால்தான். மணவறையில் மகளுக்கு மாலை எடுத்துப் போட்டது அவன் கைதான்.

அந்தத் தனபாலிடம்தான் அவர் தொழில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லியிருக்கிறார், “அவனுங்கள எட்டவே வெச்சிக்கணும்டா தனபாலு. எடம் குடுத்தா மடியிலயே குந்திக்குவானுங்க.” ஒரு தடவை இல்லை. சாராய வாடையோடு, சாப்பாட்டு இலைக்கு முன்னால், பஸ்ஸில், சாரத்தின் மேல் நின்றுகொண்டு. ஒவ்வொரு தடவையும் அவன், “ஆமா மேஸ்திரி” என்றிருக்கிறான். அந்த ஆமாவை எல்லாம் இப்போது திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. எத்தனை என்று எண்ண முடியவில்லை. காசியம்மாள் குவித்த கையில் அவர் சொம்பிலிருந்து ஊற்றியபோதெல்லாம் பக்கத்தில் நின்று டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தவன் அவளுடைய அக்கா மகன்.

“இது தப்பான பதிவா ஐயா? தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. காரணம் தெரியாததுன்னு ஒதுக்கி வெச்சிருவேன். ஆனா ஒதுக்கி வெச்சா அவர் பதிவ மேல அழிச்சிருவாங்க.”

“சரின்னு சொன்னா?”

“பதினஞ்சு பேரையும் ஒலிபெருக்கில பேர் சொல்லிக் கூப்புடணும். மிஷின் முன்னாடி வந்து நின்னு, முகமும் விரலும் புதுசாப் பதியணும். அப்பத்தான் பழைய குறி போகும்.”

காசியம்மாள், மண்ணாங்கட்டி, இருசப்பன் என்று வரிசையாகக் கூப்பிட்டு, கடைசியில் தனபால் என்று ஒலிபெருக்கி கத்துவதைக் கோதண்டம் நினைத்துப் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு பேரில் எல்லோருக்கும் அது என்ன பட்டியல் என்று தெரியும். இரண்டாவது பெயரிலேயே தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவன் மூடி வைத்ததை அவருடைய கை இன்னொரு தடவை, இந்தத் தடவை ஒலிபெருக்கி வைத்து, எல்லார் தலைக்கும் மேலே தூக்கி ஊற்றும்.

“எல்லாரையும் கூப்புடுங்க மேடம்.”

“எல்லாரும்னா?”

“நூத்தி நாப்பத்திரெண்டு பேரையும். பட்டியல வரிசையா, மொதல் ஆள்லேந்து.”

“ஐயா, மணி ஒண்ணாச்சு. ஆளுக்கு ஒரு நிமிஷம்னாலும் ரெண்டரை மணி நேரம். அவ்ளோ நேரம் வேலைய நிறுத்த ஒத்துக்க மாட்டாங்க. பதினஞ்சு பேருக்கு எதுக்கு அத்தன பேருன்னு கேப்பாங்க. காரணம் எழுதிக் குடுக்கணும்.”

“எழுதித் தரேன்.”

ரெஜினா அவரையே பார்த்தாள். கேட்காமலே ஏதோ புரிந்த மாதிரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். கோதண்டம் தாளைச் சிமெண்டு மூட்டையின் மேல் வைத்து எழுதினார். எழுத்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பெரிது பெரிதாக விழுந்தது.

‘கோதண்டம் எழுதுவது. தண்ணீர் மிஷின் ரிப்பேர் இல்லை. நான் காலனி ஆட்களுக்கு டம்ளர் கொடுக்காமல் கையில் ஊற்றினேன். முப்பது வருஷம் ஊற்றினேன். மிஷின் என்னைப் பார்த்துப் படித்தது. யார் யார் என்று நான் சொன்னால் பிறகும் அதே தப்புதான். அதனால் எல்லாரையும் புதிதாகப் பதியச் சொல்கிறேன். தப்பு மிஷின் மேல் இல்லை. இந்த ஆட்கள் மேலும் இல்லை.’

ரெஜினா படித்தாள். அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போனோடு வெளியே போனாள். வாக்குவாதம் நடந்தது. ‘பேப்பர்காரன் கையில கெடச்சா’, ‘அப்ப நீங்களே வந்து பேரப் படிங்க சார்’ என்றெல்லாம் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்தாள்.

“ஒத்துக்கிட்டாங்க. அந்தத் தாள் வெளிய போகக்கூடாதுன்னு பயம். மத்த ஏழு சைட்லயும் இதே மாதிரி செய்யலாம்.” கொஞ்சம் தயங்கினாள். “உங்க ஸ்டோர் வேலை பத்தி நாளைக்குப் பேசுவாங்களாம்.”

“பேசட்டும்.”

ஒலிபெருக்கி கூப்பிட்டது. சாரத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். முணுமுணுப்பு, சிரிப்பு, இந்தா தள்ளு, காலை மிதிக்காதே. “மறுபடி இன்னாத்துக்குடா மூஞ்சிய காட்றது, கல்யாணத்துக்கா” என்று எவனோ கேட்டான். “உன் மூஞ்சிய பாத்தா மிஷினு நின்னுரும்” என்றாள் இன்னொருத்தி. மிஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் சரியான இடத்தில் நிறுத்தும் வேலை கோதண்டத்துக்கு. அவர்தான் கேட்டு வாங்கினார்.

காசியம்மாள் வந்தாள். முகத்தைக் காட்டினாள், விரலை வைத்தாள். பழக்கத்தில் கையைக் குவித்தாள். டம்ளர் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தண்ணீர் நிரம்பி வழிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எடுத்து, ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கசக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். கோதண்டத்தைப் பார்க்கவே இல்லை. ஏதாவது ஒரு குத்தல் சொல்லிவிட்டுப் போயிருந்தால் தாங்கியிருப்பார்.

அறுபதாவது ஆளாகத் தனபால் வந்தான். தோளில் பச்சைப் பாட்டில். மீசையில் சிமெண்டுத் தூள்.

“பதினாலு பேருக்குத்தான மேஸ்திரி ரிப்பேரு? எங்கள எல்லாம் எதுக்கு எறக்கினீங்க?”

“மொத்தமாப் பண்ணிட்டா நல்லதுன்னுதான்.”

தனபால் விரலை வைத்தான். டம்ளர் விழுந்தது. அவன் அதையும் பார்த்தான், கோதண்டத்தின் முகத்தையும் பார்த்தான். சுவரின் வாட்டத்தைக் கண்ணாலேயே பிடிக்கிறவன். தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான்.

“பட்டியல் பாத்தீங்களா?” என்றான், மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பொய் சொல்லத்தான் நினைத்தார். “பாத்தேன்.”

“என் பேரு இருந்துச்சா?”

“அதனாலதான் எல்லாரையும் கூப்புட்டேன். யாருக்கும் தெரியாது. அந்தம்மாவுக்கும் புரிஞ்சிருக்காது. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்டா. சத்தியமா.”

தனபால் தலையை ஆட்டினான். வரிசையில் பின்னால் நின்றவன், “சீக்கிரம்பா” என்றான். தனபால் நகரவில்லை.

“ஞாயித்துக்கெழம சாப்புட வரட்டுமா மேஸ்திரி?”

வாடா என்றுதான் கோதண்டத்தின் வாயில் இருந்தது. வேறு எதுவும் இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் கண் ஒரு தடவை வரிசையைப் பார்த்துவிட்டு வந்தது. யார் காதில் விழுந்தது, யார் கவனிக்கிறார்கள் என்று. சரசுவின் முகம் ஒரு தடவை வந்து போனது. சமையல்கட்டில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் வந்து போயின. இமைக்கிற நேரம்தான்.

“வாடா” என்றார். “வராம?”

தனபால் அந்த இமைக்கிற நேரத்தைப் பார்த்துவிட்டிருந்தான். கோபப்படவில்லை. ரொம்ப நாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்கும் ஆளைப் போல மூச்சு விட்டான்.

“சரி மேஸ்திரி.”

டம்ளரில் மறுபடி தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினான். சிமெண்டு ஷெட்டுக்குப் பின்னால் போகவில்லை. எல்லோருக்கும் நடுவே, வெட்டவெளியில், காசியம்மாளும் இருசப்பனும் உட்கார்ந்திருந்த பலகைப் பக்கம் நேராக நடந்தான். சைட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினான்.

“சின்னம்மா, கொஞ்சம் தள்ளிக் குந்து. கால் நோவுது.”

பேச்சு ஒவ்வோர் இடமாக நின்றது. யாரோ சாரத்துக் கம்பில் தட்டிக்கொண்டிருந்ததும் நின்றது. காசியம்மாள் பலகையில் நகர்ந்து இடம் விட்டாள். தனபால் அவள் தோளில் கை ஊன்றி உட்கார்ந்தான். கொண்டுவந்த தண்ணீரை அவளிடம் கொடுத்தான். அவள் பாதி குடித்துவிட்டு அதே டம்ளரை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். அவன் மீதியைக் குடித்தான்.

கோதண்டத்தின் கை மிஷினின் மேல் இருந்தது. எடுக்கத் தோன்றாமல் அப்படியே வைத்திருந்தார். எல்லோரும் தனபாலைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். தாய்மாமன் சீர் செய்தவன் யார் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள்.

வரிசையில் இன்னும் எண்பது பேர் நின்றார்கள்.

“மேஸ்திரி,” அடுத்த ஆள் மிஷின் முன்னால் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டான், “கட்ட வெரலா, ஆள்காட்டியா?”

“கட்ட வெரல்” என்றார் கோதண்டம். மிஷினின் மேலிருந்த கையை எடுத்து, விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.